ஷேவிங் சோப்பில் பாரம்பரியம் எது? – ஒரு துருக்கிக் குச்சியை முன்வைத்து

பிரஷ், சோப்பு, ஒற்றை பிளேடு போடும் ரேசர். இந்த மூன்றையும் வைத்து முகம் மழிப்பதற்கு இணையத்தில் இப்போது ‘பாரம்பரிய ஷேவிங்’ என்று பெயர். இதற்கென்றே உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. மரக்கிண்ணத்தில் வரும் சோப்பு, கண்ணாடி ஜாடியில் வரும் சோப்பு, சந்தன வாசம், புகையிலை வாசம் என்று ஏகப்பட்ட சரக்கு. சிலவற்றின் விலையைப் பார்த்தால் தாடியே வளர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

இந்தக் கூட்டத்துக்குள் தீராத சண்டை ஒன்று உண்டு. நல்ல ஷேவிங் சோப்புக்கு டேலோ, அதாவது உருக்கிய மாட்டுக்கொழுப்பு அல்லது ஆட்டுக்கொழுப்பு, கட்டாயம் வேண்டுமா? வேண்டும் என்பவர்கள், கம்பெனிகள் தாவர எண்ணெய்க்கு மாறும்போதெல்லாம் “பாரம்பரியம் போச்சு” என்று துக்கம் கொண்டாடுகிறார்கள். நம்மூர் ஆள் ஒருவருக்கு இந்தச் சண்டை வேறு மாதிரி முக்கியம். மாட்டுக்கொழுப்பு வேண்டாம் என்று நினைக்கிற ஒருவர் அதனால் நல்ல ஷேவை இழக்கிறாரா? அல்லது அந்தக் கொழுப்புக்காகவே கூடுதல் காசு கொடுக்கிறவர் எதற்குக் கொடுக்கிறார்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷேவிங் சோப்பில் பழையது, போற்ற வேண்டியது என்று ஒன்று இருந்தால், அது கொழுப்பு எந்த விலங்கிடமிருந்து வந்தது என்பதில் இல்லை. ஒரு குறிப்பிட்ட அமில விகிதத்திலும், தண்ணியிலும், இரண்டு மூன்று நிமிஷப் பொறுமையிலும் இருக்கிறது. இதைச் சொல்ல நான் எடுத்துக்கொண்ட சோப்பு, டேலோ கட்சிக்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஆர்கோ குச்சி.

குச்சி

ஆர்கோ துருக்கிச் சரக்கு. தயாரிக்கும் எவ்யாப் நிறுவனம் 1927-ல் கிழக்குத் துருக்கியின் எர்சுரும் நகரில் தொடங்கியது. ஆர்கோ என்ற பெயர் 1957-லிருந்து வருகிறது. ஷேவிங் குச்சி 75 கிராம். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமனான வெள்ளைக் குச்சி, சுற்றி ஒரு தாள். கிண்ணம், மரப்பெட்டி, கதை எதுவும் கிடையாது. துருக்கியில் இது மளிகைக்கடைச் சாமான். எனக்கு அங்கே போய்வந்த நண்பர் ஒருவர் வழியாகக் கிடைத்தது.

பயன்படுத்தும் முறையும் சுலபம். முகத்தை நன்றாக நனைத்துக்கொண்டு, குச்சியை தாடி வளர்ந்த திசைக்கு எதிராகத் தேய்க்க வேண்டும். முடியே ஒரு துருவலாக வேலை செய்து சோப்பைச் சுரண்டி எடுத்துக்கொள்ளும். பிறகு ஈரமான பிரஷ்ஷால் முகத்திலேயே சுற்றிச் சுற்றித் தேய்த்தால் நுரை எழும்பும். நுரை கெட்டியாகி இழுக்க ஆரம்பித்தால் பிரஷ் நுனியைத் தண்ணியில் தொட்டு மறுபடியும் தேய்க்கணும். இப்படி மூன்று நான்கு முறை. நுரை கெட்டித் தயிர் மாதிரி, குமிழ் கண்ணுக்குத் தெரியாமல், லேசான பளபளப்போடு இருந்தால் பதம் சரி.

வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை. எலுமிச்சைப் புல் மாதிரி ஒரு வாசம், கூடவே துணி சோப்பின் நெடி. மேற்கத்திய ரசிகர்கள் இதைக் கழிவறை வாசனைக் கட்டியோடு ஒப்பிட்டுக் கிண்டல் செய்வது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் துருக்கியில் எலுமிச்சை வாசம் என்றால் கொலோன்யா. வீட்டுக்கு வந்த விருந்தாளியின் கையில் ஊற்றுவார்கள், நீண்ட தூர பஸ்ஸில் பயணிகளுக்கு ஊற்றுவார்கள், ஷேவ் முடிந்ததும் சலூனில் முகத்தில் தடவுவார்கள். அந்த ஊர் மூக்குக்கு இது சுத்தத்தின் வாசம். வெளியூர் மூக்கை வைத்து இதற்கு மார்க் போடுவது சரியான விமர்சனமாக எனக்குப் படவில்லை.

உறையில் என்ன எழுதியிருக்கிறது

ஷேவிங் சோப்பு வாங்கும் யாரும் விளம்பர வாசகத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்கப் பழகிக்கொள்ளலாம். ‘டேலோவேட்’ என்று முடிந்தால் விலங்குக் கொழுப்பு. ‘கோகோவேட்’ என்றால் தேங்காய் எண்ணெய். ‘பால்மேட்’ என்றால் பாமாயில். முன்னால் ‘சோடியம்’ இருந்தால் காஸ்டிக் சோடா போட்டுச் செய்தது, கட்டியாக இருக்கும். ‘பொட்டாசியம்’ இருந்தால் காஸ்டிக் பொட்டாஷ் போட்டுச் செய்தது, மெத்தென்று இருக்கும், தண்ணியில் சீக்கிரம் கரையும்.

குளியல் சோப்புக்கும் ஷேவிங் சோப்புக்கும் உள்ள முதல் வித்தியாசம் இதில் இருக்கிறது. குளியல் சோப்பு பெரும்பாலும் சோடியம் மட்டும். ஷேவிங் சோப்பில் பொட்டாசியம் தூக்கலாக இருக்கும், கட்டியாக நிற்பதற்காகக் கொஞ்சம் சோடியமும் சேர்ப்பார்கள். ஆர்கோ உறையிலும் இரண்டும் இருக்கின்றன.

எனக்கு சுவாரசியமாகப் பட்டது வேறொரு வரி. பொட்டாசியம் டேலோவேட்டுக்கு அடுத்ததாகவே ‘ஸ்டியரிக் அமிலம்’ என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள். அதாவது, கொழுப்பைக் கொட்டிச் செய்த சோப்பே தன் கொழுப்பு போதாமல் வெளியிலிருந்து ஸ்டியரிக் அமிலத்தைக் கடன் வாங்குகிறது. ஏன்?

நுரைக்குள் என்ன நடக்கிறது

எந்தக் கொழுப்பும் எண்ணெயும் பல கொழுப்பு அமிலங்களின் கலவைதான். காரம் சேர்த்துக் காய்ச்சும்போது அந்த அமிலங்கள் சோப்பாகின்றன, கிளிசரின் தனியாகப் பிரிகிறது. எந்த அமிலம் எவ்வளவு என்பதைப் பொறுத்து நுரையின் குணம் மாறும்.

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். இது பெரிய பெரிய குமிழாகப் பொங்கும், பொங்கிய வேகத்தில் அடங்கிவிடும். அளவு கூடினால் தோலை வறட்டும். ஸ்டியரிக் அமிலம் நேர்மாறு. நுரை எழும்ப நேரமாகும், ஆனால் குமிழ் பொடிப்பொடியாக இருக்கும், சீக்கிரம் உடையாது, தண்ணியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஷேவிங்குக்கு வேண்டியது இதுதான். ரேசர் ஒரு கன்னத்தை முடித்து அடுத்த கன்னத்துக்கு வரும்வரை நுரை காயாமல் காத்திருக்க வேண்டுமே.

மாட்டுக்கொழுப்பில் ஸ்டியரிக் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. பாமாயிலில் 5 சதவீதம் அளவுதான், ஆனால் அதன் நெருங்கிய சொந்தமான பால்மிட்டிக் 40 சதவீதத்துக்கு மேல். நல்ல ஷேவிங் சோப்புக்கு இவை எதுவும் நேரடியாகப் போதாது. அதனால்தான் ஆர்கோவிலும் தனியாகச் சேர்க்கிறார்கள், தாவர எண்ணெய் சோப்பிலும் தனியாகச் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்க்கும் ஸ்டியரிக் அமிலத்தை மாட்டுக்கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம், பாமாயிலிலிருந்தும் எடுக்கலாம். எடுத்து முடித்தபின் அது ஒரே பொருள். மூலக்கூறுக்குத் தன் பூர்வீகம் ஞாபகம் இருக்காது.

(மாட்டுக்கொழுப்பு வேண்டாம் என்பவர்கள் இதைக் கவனிக்கணும்: உறையில் வெறும் ‘ஸ்டியரிக் அமிலம்’ என்று இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ‘டேலோவேட்’ இல்லை என்பது மட்டும் போதாது. இந்தியாவில் விற்கும் அழகுசாதனப் பொருட்களில் பச்சைப் புள்ளியைப் பாருங்கள்.)

கொழுப்புக்கு முன்னும் பின்னும்

டேலோதான் பாரம்பரியம் என்ற வாதம் வரலாற்றிலும் அவ்வளவு வலுவாக நிற்கவில்லை. சிரியாவின் அலெப்போ சோப்பு ஆலிவ் எண்ணெயும் லாரல் எண்ணெயும். பிரான்சில் 1688-ல் பதினான்காம் லூயி போட்ட ஆணை, மார்சேய் சோப்பில் ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பு கூடாது என்றது. பெயர் பெற்ற பழைய சோப்புகளில் பலவும் சைவம்தான். ஆனால் ஆலிவ் எண்ணெய் சோப்பை முகத்தில் போட்டு ஷேவ் செய்து பாருங்கள். வழவழவென்று ஒரு படலம் வரும், தயிர் மாதிரி நுரை வராது. அதில் ஒலியிக் அமிலம்தான் மிகுதி, ஸ்டியரிக் மிகக் குறைவு. பழமை இருக்கிறது, விகிதம் இல்லை, அதனால் வேலைக்கு ஆகவில்லை.

இந்தியக் கதை இன்னும் பொருத்தமானது. ஒரு காலம்வரை இங்கும் இறக்குமதி மாட்டுக்கொழுப்பு சோப்புத் தொழிலுக்கு வந்துகொண்டிருந்தது. 1983-ல் வனஸ்பதியில் மாட்டுக்கொழுப்பு கலந்த விவகாரம் நாடு முழுக்கப் பெரிய கொந்தளிப்பைக் கிளப்ப, மத்திய அரசு அந்த இறக்குமதியைத் தடை செய்தது. சோப்பு ஆலைகள் தாவர எண்ணெய்களை நம்ப வேண்டி வந்தது. ஆக, மேற்கே இப்போது நடக்கும் ‘டேலோ போய்விட்டால் என்ன ஆகும்’ என்ற விவாதத்துக்கு நாம் நாற்பது வருடமாக விடை வைத்திருக்கிறோம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வட்ட ஷேவிங் சோப்பில் எத்தனையோ வீட்டுப் பெரியவர்கள் தினமும் ஷேவ் செய்துகொண்டிருந்தார்கள். கன்னம் வழித்துப் போனதாக யாரும் புகார் சொல்லவில்லை.

போட்டுப் பார்த்தது

எழுத்தில் நிரூபித்தால் போதாது, முகத்தில் போட்டுப் பார்க்கணும். ஆர்கோ குச்சியையும், உள்ளூரில் வாங்கிய தாவர எண்ணெய் வட்ட சோப்பு ஒன்றையும் ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மாற்றி மாற்றிச் சில வாரம் பயன்படுத்தினேன். ரேசர் ஒன்றே, பிளேடு ஒரே வகை, நான்கு ஷேவுக்கு ஒரு பிளேடு. தண்ணி மட்டும் இரண்டு வகை: வீட்டு போர் தண்ணி ஒன்று, கேன் தண்ணி ஒன்று. சென்னைப் புறநகர் போர் தண்ணி எப்படி இருக்கும் என்று குழாய் வாயில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கேன் தண்ணியில் இரண்டு சோப்பும் கெட்டியான நுரை கொடுத்தன. ஆர்கோ கொஞ்சம் சீக்கிரமாக, ஏறக்குறைய அரை நிமிஷம் முன்னதாக, பதத்துக்கு வந்தது. ஷேவ் முடிந்து கழுவியபின் அதில் சற்றுக் கூடுதல் வழவழப்பு மிஞ்சியது. டேலோ கட்சிக்காரர்கள் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் குச்சியில் கிளிசரினும் திரவ பாரஃபினும்கூட இருக்கின்றன. வழவழப்பை யார் கணக்கில் எழுதுவது? மற்ற எல்லாம் ஒன்றாகவும் கொழுப்பு மட்டும் வேறாகவும் இருக்கும் இரண்டு சோப்பு கிடைத்தால்தான் அதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியும்.

போர் தண்ணியில் இரண்டு சோப்புமே தடுமாறின. நுரை எழும்பியது, ஆனால் மெலிந்து, ஓரமாகக் காய்ந்துபோனது. அதாவது, சோப்புக்கும் சோப்புக்கும் நடுவில் நான் பார்த்த வித்தியாசத்தைவிட, தண்ணிக்கும் தண்ணிக்கும் நடுவில் பார்த்த வித்தியாசம் பெரியது. அதுவும் கொஞ்சநஞ்சமில்லை, கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்லும் அளவுக்கு.

காரணம் பள்ளிக்கூடப் பாடம்தான். கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். எவ்வளவு சோப்பு வீணாகும் என்று கணக்குப் போட்டேன். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. 600 என்றே வைப்போம். நுரை கட்ட 20 மில்லி தண்ணி. அதிலுள்ள கால்சியம் கிட்டத்தட்ட 70 மில்லிகிராம் சோப்பை விழுங்கும். ஒரு ஷேவுக்கு நாம் எடுக்கும் சோப்பு அரை கிராம் முதல் ஒரு கிராம். ஆக, ஏழு முதல் பதினான்கு சதவீதம் காலி. போதாததற்கு, அந்தப் பிசுக்கே மிச்ச நுரையை உடைக்கும். கழுவும்போது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே 20 மில்லி இல்லை, லிட்டர் கணக்கில் தண்ணி. முகத்தில் மிஞ்சிய சோப்பு பிசுக்காகிக் கன்னத்திலேயே ஒட்டிக்கொள்ளும். “சோப்பு எனக்கு ஒத்துக்கல, முகம் இழுக்குது” என்று சொல்பவர்களில் சிலருக்காவது ஒத்துக்கொள்ளாதது தண்ணியாக இருக்கலாம்.

இதற்குப் பரிகாரமும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. குச்சியை இரண்டு மடங்கு தேயுங்கள், நுரைக்கும் கடைசிக் கழுவலுக்கும் ஒரு சொம்பு நல்ல தண்ணி வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் மலிவான குச்சி ஜெயிக்கிறது. ஜாடி சோப்பை இரண்டு மடங்கு எடுக்கக் கை வராது. இதைத் தாராளமாகத் தேய்க்கலாம்.

ஸ்ப்ரே நுரை எதிரியா?

பாரம்பரியக் கூட்டத்தின் பொது எதிரி டப்பாவில் வரும் ஸ்ப்ரே நுரை. அமெரிக்காவில் 1949 வாக்கில் சந்தைக்கு வந்தது. இதன் உறையையும் படித்துப் பாருங்கள்: பெரும்பகுதி தண்ணி, பிறகு ஸ்டியரிக் அமிலம், அதைச் சோப்பாக்க டிரைஎத்தனாலமைன் என்ற காரம், நுரையைத் தள்ள வாயு. பல டப்பாக்களில் இதுதான் அடிப்படை. அதே அமிலம், வேறு காரம். ரசாயனமாகப் பார்த்தால் ஆர்கோவின் ஒன்றுவிட்ட தம்பி.

பிறகு ஏன் பிரஷ் ஷேவ் நன்றாக இருக்கிறது என்கிறோம்? டப்பாவில் மூன்று விநாடியில் நுரை வந்துவிடுகிறது, அடுத்த விநாடியே ரேசர். முடி நனையவே இல்லை. நனைந்த முடி தண்ணியை உறிஞ்சி உப்பி மென்மையாகும், அதை அறுக்க விசை குறைவாகப் போதும். அதற்கு இரண்டு மூன்று நிமிஷம் வேண்டும், வெந்நீர் என்றால் இன்னும் சீக்கிரம். பிரஷ் போடும்போது அந்த நிமிஷங்கள் தானாகவே கிடைத்துவிடுகின்றன. முகத்தை மூன்று நிமிஷம் வெந்நீரில் ஊறவைத்துவிட்டு ஸ்ப்ரே போட்டுப் பாருங்கள், புகழ்பெற்ற அந்த வித்தியாசத்தில் பாதி காணாமல் போகும்.

நம்மூர் வழக்கமும் இதையே சொல்கிறது. கிராமத்தில் திண்ணையிலோ மரத்தடியிலோ உட்காரவைத்து மழித்த நாவிதரிடம் பல இடங்களில் சோப்பே கிடையாது. சின்னக் கிண்ணத்தில் தண்ணி. அதைத் தொட்டுத் தொட்டுத் தாடையை நன்றாகத் தேய்த்து ஊறவைப்பார், பிறகு கத்தி. ஊறவைக்கும் நுட்பம் அவர் கையில் இருந்தது. அந்த உழைப்புக்கு அறுவடை சமயத்தில் களத்தில் அளந்து போட்ட நெல்தான் கூலி, மரியாதையோ அதுகூட இல்லை. இன்று ‘காலை நேரச் சடங்கு’, ‘ஆண்மையின் பாரம்பரியம்’ என்று ஜாடியில் எழுதி விற்கிறவர்கள் இந்தக் கையை எங்கும் குறிப்பிடுவதில்லை. துருக்கி என்றாலும் இங்கிலாந்து என்றாலும், தானே மழித்துக்கொள்வது பரவலாவதற்கு முன் இது இன்னொருவர் செய்த வேலை. பாரம்பரியம் என்ற சொல்லை எடுக்கிறவர்கள் அந்த வேலைக்காரரையும் சேர்த்து எடுக்கணும்.

பழையது என்பதற்காகவே நல்லது ஆகாது என்பதற்கு பிரஷ்ஷே ஒரு சாட்சி. முதல் உலகப்போர் சமயத்தில், ஒழுங்காகக் கிருமி நீக்காத குதிரைமயிரில் செய்த ஷேவிங் பிரஷ்களால் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைவீரர்கள் பலருக்கு ஆந்த்ராக்ஸ் தொற்றியது, சிலர் செத்தும் போனார்கள். இன்றைய செயற்கை இழை பிரஷ் சீக்கிரம் காய்கிறது, மயிர் கொட்டுவதில்லை, விலையும் குறைவு. அதைப் பயன்படுத்தினால் பாரம்பரியம் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

யாருக்கு?

ஆர்கோ குச்சி நல்ல சோப்பு. அலங்காரம் இல்லாமல், தன் வேலையைச் செய்கிறது. கைக்குக் கிடைத்து, கொழுப்பு விஷயத்தில் உங்களுக்குத் தயக்கமும் இல்லை என்றால் தாராளமாக வாங்கலாம். ஒரு குச்சி பல மாதம் வரும். எல்லா நிஜமான சோப்பையும் போல இதுவும் காரத்தன்மை உள்ளது. வறண்ட தோல்காரர்கள் ஷேவுக்குப் பின் ஏதாவது தடவிக்கொள்வது நல்லது. ஈரக்காயத்தின் மேல் வைக்க படிகாரக் கல் ஒன்று இருக்கட்டும்.

மாட்டுக்கொழுப்பு வேண்டாம் என்பவர்களுக்கு என் பதில்: நீங்கள் எதையும் இழக்கவில்லை. ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியமும் பட்டியலின் முன்வரிசையில் இருக்கும் தாவர எண்ணெய் சோப்பாகப் பார்த்து வாங்குங்கள். இறக்குமதி ஜாடிக்குக் கொடுக்க நினைத்த காசில் பத்தில் ஒரு பங்கை நல்ல தண்ணிக்குச் செலவு செய்யுங்கள். ஏற்கெனவே வீட்டில் ஒரு சோப்பு இருந்து, அது சரியாக நுரைக்கவில்லை என்றால், புதுசு வாங்கும் முன் நாளை காலை ஒரு டம்ளர் கேன் தண்ணியில் அதையே அடித்துப் பாருங்கள்.

பிளேடுகளைப் பற்றி இதில் எதுவும் சொல்லவில்லை. அது தனிக் கதை, வேறொரு குறிப்பில் எழுதுகிறேன்.